பாதியை வெட்டி, மீதியைக் காப்பது எப்படி? பிஞ்சுக் குழந்தைகளுக்குச் சிறுநீரக ஆபரேஷன்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழா நடக்கும்போது ஒரு காட்சியைப் பார்க்கலாம்.

கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டிருப்பார்கள். தொட்டிலுக்குள் ஒரு பச்சைக் குழந்தை தூங்கும். தகப்பன் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் கரும்பைத் தோளில் தாங்கிக்கொண்டு மாட வீதிகளைச் சுற்றி வருவார்கள். பிள்ளை வரம் கேட்டு, பிள்ளை பிறந்ததும் செலுத்தும் நேர்த்திக்கடன் இது.

அந்தத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் எடை 5 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உடம்பில் ஓடும் ரத்தம் எவ்வளவு தெரியுமா? சுமார் 400 மில்லி. இரண்டு டம்ளர்தான்!

அதன் சிறுநீரகம் எவ்வளவு பெரியது? சுமார் 5 சென்டிமீட்டர். ஒரு பெரிய பேரீச்சம்பழத்தின் நீளம்!

இத்தனை சிறிய உறுப்பில் ஒரு பாதி கெட்டுப்போனால், அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, நல்ல பாதியைக் காப்பாற்ற முடியுமா?

முடியும். டாக்டர்கள் அதைச் செய்து வருகிறார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

நனைந்த பாவாடை

திருவண்ணாமலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளம். பெரிய கோவிலில் இருந்து புறப்பட்டு மலையின் மறுபக்கத்துக்குப் போனால், அடி அண்ணாமலை வரும். பழைய சிவன் கோவில் உள்ள ஊர்.

அந்த ஊரில் ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 4 வயதுப் பெண் குழந்தை. துறுதுறுவென்று ஓடி விளையாடுகிறாள். ஆனால் எப்போது பார்த்தாலும் அவள் பாவாடை ஈரமாக இருக்கிறது.

"இத்தனை வயசாகியும் இப்படி நனைச்சுக்கிறியே!" என்று தாய் அதட்டுகிறாள். "குழந்தை எதையோ பார்த்துப் பயந்திருக்கும். மந்திரிச்சுக் கயிறு கட்டு" என்கிறாள் ஆயா. "பயமுறுத்தி வை. தானா நிற்கும்" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி.

கயிறு கட்டியாயிற்று. பயமுறுத்தியும் ஆயிற்று. பாவாடை மட்டும் காயவில்லை.

இப்படிப்பட்ட குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோனால், அவர் இரண்டு கேள்விகள்தான் கேட்பார்.

"குழந்தை நேரத்துக்கு நேரம் தானாகப் போய்ச் சிறுநீர் கழிக்கிறாளா, அம்மா?"

"போறா டாக்டர்."

"போய்விட்டு வந்த பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கிறதா?"

"ராத்திரி பகல் எந்நேரமும் சொட்டுது டாக்டர்."

"அப்படியானால் குழந்தை மேல் குற்றம் இல்லை அம்மா. உள்ளே இருக்கும் குழாயில் குறை இருக்கலாம். படம் எடுத்துப் பார்த்துவிடுவோம்."

மதகைத் தாண்டிய வாய்க்கால்

சிறுநீரகம் என்பது ரத்தத்தைச் சுத்தம் செய்யும் உறுப்பு. கிராமத்தில் இதைக் குண்டிக்காய் என்றும் சொல்வார்கள். முதுகுப்புறம், விலா எலும்புக்கு அருகில், வலது பக்கம் ஒன்றும் இடது பக்கம் ஒன்றும் இருக்கின்றன.

ஒவ்வொரு சிறுநீரகத்தில் இருந்தும் ஒரு குழாய் கீழே இறங்கி மூத்திரப் பையில் சேரும். பையின் வாயில் ஒரு தசை வளையம் உண்டு. நாம் விரும்பும்போது திறக்கும். மற்ற நேரங்களில் மூடி இருக்கும். ஏரிக்கு மதகு எப்படியோ, பைக்கு இந்த வளையம் அப்படி.

சிலருக்குப் பிறவியிலேயே ஒரு சிறுநீரகம் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு பகுதியாக அமைந்துவிடுகிறது. பகுதிக்கு ஒரு குழாய் வீதம் இரண்டு குழாய்கள் இருக்கும். சுமார் 100 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கலாம் என்று டாக்டர்கள் கூறுகிறார்கள். பெரும்பாலோருக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. தமக்கு அப்படி இருப்பது தெரியாமலேயே நூறாண்டு வாழ்ந்துவிடலாம்.

ஆனால் சிலருக்கு மேல் பாதியின் குழாய் வழி தவறிவிடுகிறது. பையில் சேராமல், மதகுக்குக் கீழே போய்த் திறந்துகொள்கிறது. அப்புறம் அந்தத் தண்ணீரை நிறுத்த ஏது மதகு? இரவும் பகலும் சொட்டுகிறது.

பெண் குழந்தைகளுக்குத்தான் இந்தச் சொட்டு ஏற்படும். ஆண் குழந்தைகளுக்குக் குழாய் வழி தவறினாலும், அது மதகுக்கு மேலேயே முடிந்துவிடும். அதனால் சொட்டாது. ஆனால் காய்ச்சல் வரலாம்.

இன்னும் சில குழந்தைகளுக்குக் குழாயின் நுனி பலூன் போல உப்பிப் பையை அடைத்துக்கொள்கிறது. சிறுநீர் இறங்க வழியில்லாமல் தேங்குகிறது. தேங்கிய குட்டையில் பாசி பிடிப்பதுபோல, தேங்கிய சிறுநீரில் கிருமி பிடிக்கிறது. கைக்குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறது. மேல் பாதி வீங்கிக் கெட்டுப்போகிறது.

கீழ்ப் பாதி மட்டும் நல்லபடியாக வேலை செய்துகொண்டிருக்கும்!

ஏன் முழுவதையும் எடுப்பதில்லை?

"ஒரு சிறுநீரகம் இருந்தாலே மனிதன் வாழலாமே? கெட்டதை முழுவதுமாக எடுத்துவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். ஒரு சிறுநீரகத்தோடு நல்ல ஆரோக்கியமாக வாழ்பவர்கள் பலர் உண்டு.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. பெரியவர்களுக்கு இவை ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியே வருகிறது. மீதி எல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

இந்த வடிகட்டிகள் எப்போது உண்டாகின்றன? தாயின் வயிற்றில் இருக்கும்போதுதான். பிரசவத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே அந்த வேலை முடிந்துவிடும். நிறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதன்பின் புதிதாக ஒன்றுகூட உண்டாவதில்லை! இருப்பவை பெரிதாகலாம், எண்ணிக்கை கூடாது.

பிறக்கும்போதே பத்தாயத்தை நிரப்பிப் பூட்டியது போலத்தான். குழந்தை இன்னும் 70, 80 ஆண்டுகள் வாழ வேண்டும். அந்த நெல்லைத்தான் கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல நெல்லில் பாதியை வீணாகக் கொட்டுவார்களா?

அதனால்தான் கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள்.

ஒரே ஊரில் மூன்று டாக்டர்கள்

சிறுநீரக ஆபரேஷனின் கதை ஜெர்மனி நாட்டில் ஹைடல்பர்க் என்ற நகரில் தொடங்குகிறது.

ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் மனிதன் பிழைப்பானா, மாட்டானா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாத காலம் அது. அந்த ஊரில் குஸ்டாவ் சைமன் என்ற டாக்டர் இருந்தார். சிறுநீர்க் குழாய் அறுந்து, ஓயாமல் ஒழுகி, அவதிப்பட்ட ஒரு பெண் அவரிடம் வந்தாள். சைமன் முதலில் நாய்களுக்கு ஆபரேஷன் செய்து பார்த்தார். ஒரு சிறுநீரகத்தை இழந்த நாய்கள் பிழைத்தன. 1869ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி அந்தப் பெண்ணின் ஒரு சிறுநீரகத்தை எடுத்தார். அவள் பிழைத்தாள்!

அதே ஊரில் அவருக்குப் பின் வந்தவர் வின்சென்ஸ் செர்னி. 1887இல் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு நோயாளியின் சிறுநீரகத்தில் கட்டி இருந்த பகுதியை மட்டும் வெட்டி, மீதியை விட்டுவைத்தார்.

மூன்றாமவர் மாக்ஸ் வில்ம்ஸ். குழந்தைகளின் சிறுநீரகத்தில் வளரும் புற்றுநோய்க் கட்டியைப் பற்றி 1899இல் புத்தகம் எழுதினார். இன்றும் அந்தக் கட்டிக்கு வில்ம்ஸ் கட்டி என்றே பெயர். பிற்காலத்தில் அவரும் ஹைடல்பர்க்கில் வேலை பார்த்தார்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. சிறைப்பட்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர் தொண்டை அடைப்பான் நோயால் மூச்சுவிட முடியாமல் திணறினார். எதிரி நாட்டவர் என்று வில்ம்ஸ் ஒதுங்கவில்லை. ஆபரேஷன் செய்து காப்பாற்றினார். அந்த நோய் வில்ம்ஸையே தொற்றியது. 1918 மே மாதம் அவர் இறந்துபோனார். கைதி பிழைத்துக்கொண்டார்.

கொசுவும் நாயும்

ஆபரேஷன் அறையில் உள்ள கருவிகளின் பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு கருவிக்குப் பெயர் கொசு! இன்னொன்றுக்குப் பெயர் புல்டாக் நாய்!

கொசு என்பது மெல்லிய இடுக்கி. நூல்போன்ற ரத்தக் குழாய்களைப் பிடித்து நிறுத்த உதவுகிறது. புல்டாக் என்பது சிறிய கவ்வி. புல்டாக் நாய் கவ்வினால் விடாது அல்லவா? அதுபோல இது ரத்தக் குழாயைக் கவ்விக்கொள்ளும். ஆனால் குழாயைக் கடித்துக் காயப்படுத்தாது. தேவையான நேரத்தில் ரத்தம் போகாமல் நிறுத்தி வைக்கும்.

கருவிகளுக்கு உயிர்களின் பெயரை வைப்பது நமக்குப் புதிது அல்ல. பழங்கால வைத்தியர் சுசுருதரின் நூலில் 101 மழுங்கல் கருவிகளும் 20 கூர்மையான கருவிகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. சிங்க முகம், காக முகம், நாரை முகம் என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர் உண்டு.

சிறுநீரகத்தை வெட்டுவதில் பெரிய அபாயம் ரத்தப்போக்குதான். பெரியவர்களுக்கு இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே போகிறது. பெரியவருக்கு ஒரு டம்ளர் ரத்தம் போனால் சமாளிக்கலாம். இரண்டு டம்ளர் ரத்தமே உள்ள குழந்தைக்கு?

அதனால் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்க்கிறார்கள். ரத்தம் நனைந்த பஞ்சைக்கூட எடை போட்டுப் பார்ப்பது உண்டு.

1926இல் அமெரிக்காவில் ஹார்வி குஷிங் என்ற மூளை சர்ஜன், வில்லியம் போவி செய்த மின்சாரக் கருவியை முதன்முதலாகப் பயன்படுத்தினார். வெட்டும்போதே ரத்தத்தை உறைய வைக்கும் கருவி அது. இன்று அதன் வாரிசுகள் பல வந்துவிட்டன. ஒரு கருவியின் நுனி விநாடிக்கு 55,500 தடவை அதிர்கிறது. அந்த அதிர்ச்சியில் உண்டாகும் சூடே ரத்தக் குழாயை ஒட்டி மூடி, வெட்டியும் விடுகிறது.

ஆபரேஷன் நடப்பது எப்படி?

முதலில் பரீட்சைகள். ஸ்கேன் எடுத்துச் சிறுநீரகத்தின் உருவத்தைப் பார்க்கிறார்கள். பிறகு இன்னொரு பரீட்சை. கதிர்வீச்சு உள்ள மருந்தை மிகச் சிறு அளவில் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். எந்தப் பகுதி வேலை செய்கிறதோ, அது மருந்தை வாங்கிக்கொண்டு படத்தில் தெரியும். கெட்ட பகுதி தெரியாது.

மேல் பாதி வேலை செய்வதாகத் தெரிந்தால் அதை வெட்டமாட்டார்கள். குழாயை மட்டும் சரியான இடத்தில் சேர்த்துத் தைப்பார்கள். பலூன் போல உப்பியிருந்தால், சிறுநீர் வழியாகவே மெல்லிய கருவியை விட்டுத் துளையிடுவதும் உண்டு. வேறு வழியில்லை என்றால்தான் வெட்டுவது.

ஆபரேஷன் அறை வெதுவெதுப்பாக இருக்கும். குழந்தையின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. மயக்க மருந்து டாக்டர் குழந்தையின் மூச்சையும் நாடியையும் விடாமல் கவனிக்கிறார். சர்ஜனின் கண்ணாடியில் பூதக்கண்ணாடி பொருத்தியிருக்கிறது. எல்லாம் மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும்.

விலாப்பக்கம் திறந்து சிறுநீரகத்தை அடைகிறார்கள். நல்ல பகுதிக்குப் போகும் ரத்தக் குழாய்களை முதலில் கண்டுபிடித்து, மெல்லிய ரப்பர் நாடாவைச் சுற்றி அடையாளம் வைக்கிறார்கள். தவறிக்கூட அவற்றில் கை வைத்துவிடக் கூடாது!

பிறகு கெட்ட பகுதிக்குப் போகும் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டுகிறார்கள்.

அப்போது ஓர் அதிசயம் நடக்கிறது. ரத்தம் போகாத பகுதி நிறம் மாறி நீலம் பூக்கிறது. நல்ல பகுதி சிவப்பாகவே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல் எல்லை தெரிகிறது. இங்கே வெட்டு என்று சிறுநீரகமே காட்டிக்கொடுக்கிறது!

அந்தக் கோட்டின் மேலேயே வெட்டுகிறார்கள். புல்டாக் கவ்வியைப் போட வேண்டி வந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை நடக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் ரத்தம் இல்லாவிட்டால் நல்ல பாதியும் கெடத் தொடங்கும்.

சிறுநீரகத்தின் மேல் ஆரஞ்சுச் சுளையின் தோல்போல மெல்லிய உறை இருக்கிறது. வெட்டுவதற்கு முன்பே அதை உரித்து வைத்துக்கொள்வார்கள். வெட்டிய பிறகு அதையே காயத்தின் மேல் மூடித் தைப்பார்கள். தைக்கும் நூல் தலைமுடி போல மெல்லியது. சில வாரங்களில் தானே கரைந்துவிடும்.

கடைசியில் கெட்ட பாதியின் குழாயை எடுக்க வேண்டும். நல்ல பாதியின் குழாயும் அதனோடு ஒட்டிக்கொண்டே கீழே இறங்குகிறது. ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் போல! அதைக் காயப்படுத்தாமல் இதை நறுக்க வேண்டும். சர்ஜனின் பொறுமைக்கு இதுதான் பரீட்சை.

சாவித் துவாரம் வழியே

உடம்பைத் திறக்காமல், துளை போட்டு ஆபரேஷன் செய்யும் முறையும் இப்போது உண்டு.

1990 ஜூன் மாதம் அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில் டாக்டர் ரால்ப் கிளேமன் இந்த முறையில் முதன்முதலாக ஒரு சிறுநீரகத்தை எடுத்தார். நோயாளி 85 வயது மூதாட்டி! மூதாட்டிக்குச் செய்தது பின்னால் சிறுவர்களுக்கும் வந்தது. பிறகு கைக்குழந்தைகளுக்கும் வந்துவிட்டது.

வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள். ஒன்றில் கேமரா. மற்றவற்றில் கருவிகள். குழந்தைகளுக்கான கருவிகள் 3 முதல் 5 மில்லிமீட்டர் கனம்தான். பேனாவைவிட மெல்லியவை! உள்ளே இடம் உண்டாக்க வாயுவைச் செலுத்துகிறார்கள். குழந்தைக்கு அதையும் பெரியவர்களைவிடக் குறைந்த அழுத்தத்தில்தான் செலுத்த வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு திணறும்.

காயம் சிறிது, வலி குறைவு. ஆனால் இதற்குப் பழகிய கை வேண்டும். திறந்து செய்வதா, துளை வழியாகச் செய்வதா என்பதைக் குழந்தையின் வயதையும் நிலையையும் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார்.

நித்தியகல்யாணியின் உதவி

வில்ம்ஸ் கட்டி பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் வரும். அப்போது அந்தச் சிறுநீரகத்தை முழுவதுமே எடுத்துவிடுவது வழக்கம். ஆனால் 100 குழந்தைகளில் சுமார் 5 முதல் 7 குழந்தைகளுக்கு இரண்டு பக்கமும் கட்டி இருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டால் குழந்தை எப்படி வாழும்?

இங்கேதான் பாதியைக் காக்கும் ஆபரேஷன் உயிர்காக்கும் ஆபரேஷனாகிறது. முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருங்க வைக்கிறார்கள். பிறகு கட்டியை மட்டும் நறுக்கி எடுத்து, நல்ல பகுதியை விட்டுவைக்கிறார்கள்.

அந்த மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். அது எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியில் இருந்து! 1960களில் இது மருந்தாக வந்தது. இத்தகைய மருந்துகளின் பலனாக, இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் வில்ம்ஸ் கட்டிக் குழந்தைகளில் 100க்கு சுமார் 90 பேர் பிழைக்கிறார்கள்.

ஆனால் எச்சரிக்கை! செடியைப் பறித்து அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது விஷம். பக்குவமாகப் பிரித்தெடுத்து, அளவோடு ஊசியில் ஏற்றினால்தான் மருந்து.

தாய்மார்கள் கவனிக்க

நம் வீடுகளில் ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். அந்தக் கைதான் முதல் பரீட்சைக் கருவி! வயிற்றில் கட்டி இருப்பதைப் பல குழந்தைகளுக்கு வீட்டார்தான் குளிப்பாட்டும்போது கண்டுபிடித்திருக்கிறார்கள்.

விலாவுக்குக் கீழே கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள். எண்ணெய் விட்டு உருவிவிடவும் கூடாது. கட்டி உடைந்துவிடலாம்.

சளி, இருமல் இல்லாமல் கைக்குழந்தைக்குத் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்தால் சிறுநீரைப் பரீட்சை செய்யச் சொல்லுங்கள்.

பால் குடிக்க மறுத்தாலும், எடை ஏறாவிட்டாலும், சிறுநீர் கழிக்கும்போது வீறிட்டாலும், சிறுநீர் கலங்கலாக இருந்தாலும், சிவப்பாக இருந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

கர்ப்பமாக இருக்கும்போது எடுக்கும் ஸ்கேனிலேயே குழந்தையின் சிறுநீரக வீக்கம் தெரிந்துவிடலாம். "பிறந்த பிறகு மறுபடி ஸ்கேன் எடுங்கள்" என்று டாக்டர் சொன்னால், குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

எந்நேரமும் சொட்டும் பெண் குழந்தையை அடிக்காதீர்கள். சூடு போடாதீர்கள். அவளால் அதை நிறுத்த முடியாது.

எங்கே போவது?

அடி அண்ணாமலையில் இருந்து திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அதிகத் தூரம் இல்லை. முதல் பரீட்சைகளை அங்கே செய்துகொள்ளலாம்.

மேல் சிகிச்சைக்கு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி சுமார் 80 கிலோமீட்டர். இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று ஆபரேஷன் 1971இல் நடந்தது அங்கேதான். புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. சென்னை எழும்பூரில் குழந்தைகளுக்கென்றே பெரிய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. இங்கெல்லாம் குழந்தைகளுக்கான தனி சர்ஜன்கள் உண்டு.

செலவுக்கு என்ன செய்வது? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். குழந்தையின் நோய்க்கு உதவி கிடைக்குமா என்று அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம்.

ஆபரேஷன் முடிந்து சில நாட்களில் குழந்தை வீடு திரும்பிவிடலாம். மற்றக் குழந்தைகளைப் போல ஓடி ஆடலாம், பள்ளிக்கூடம் போகலாம். ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் பரீட்சை செய்துகொள்ள வேண்டும். இது வாழ்நாள் முழுவதும் செய்ய வேண்டிய காரியம்.

நம் அடி அண்ணாமலை வீட்டுக்குத் திரும்புவோம். கெட்ட பாதி போய்விட்டது; வழி தவறிய குழாயும் போய்விட்டது. கொடியில் குழந்தையின் பாவாடை உலர்ந்து காற்றில் ஆடுகிறது. தாய் அதைத் தொட்டுப் பார்க்கிறாள். ஈரம் இல்லை!

"வீணாக உன்னை அதட்டிட்டேனே, கண்ணு" என்று மகளை அணைத்துக்கொள்கிறாள்.